துக்க வீட்டிலிருந்து வந்த ஓட்டு

கேள்வி: புதிய ஜனாதிபதி நினைத்தால் எதிர்க்கட்சியையும் அரவணைத்துப் போக முடியாதா? அமெரிக்காவில் 2009-இல் ஒபாமாவுக்கு ஏன் கைகூடவில்லை?

பதில்: அவர் கை நீட்டாமல் இல்லை. முந்தைய ஜனாதிபதி புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸை அதே பதவியில் தொடரவிட்டார். பதவியேற்ற ஒரே வாரத்தில், குடியரசுக் கட்சி உறுப்பினர்களைப் பார்க்க நாடாளுமன்றத்துக்கே நேரில் போனார். மறுநாள் பொருளாதார மீட்பு மசோதாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் அந்தக் கட்சி போட்ட ஆதரவு ஓட்டு பூஜ்யம். வாசல் தேடி வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை!

அடுத்து செனட்டில் மசோதா நிறைவேற 60 ஓட்டு தேவைப்பட்டது. குடியரசுக் கட்சி செனட்டர்களில் காலின்ஸ், ஸ்னோ, ஸ்பெக்டர் என மூன்றே பேர் கட்சி வேலியைத் தாண்டி வந்தார்கள். அவர்களுக்காகச் செலவுகள் வெட்டப்பட்டன. அப்படியும் ஓர் ஓட்டு குறைந்தது. ஒஹையோ செனட்டர் ஷெராட் பிரவுன், இறந்துபோன தாயின் அஞ்சலியிலிருந்து கிளம்பி அரசு விமானத்தில் வாஷிங்டன் வந்தார். அவருக்காக வாக்கெடுப்பை மணிக்கணக்கில் முடிக்காமல் வைத்திருந்தார்கள். இரவில் வந்து 60-வது ஓட்டைப் போட்டார், மசோதா பிழைத்தது.

மாதந்தோறும் லட்சக்கணக்கானோர் வேலை இழந்துகொண்டிருந்த நேரம் அது. மசோதாவைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடட்டும், அது எதிர்க்கட்சியின் உரிமை. ஒருவர்கூட ஆதரிக்கக் கூடாது என்று கதவடைத்தது மக்களுக்குச் செய்த துரோகம்.

வேலி தாண்டிய ஸ்பெக்டர் அதே ஆண்டு ஏப்ரலில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 2010-இல் அந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் தோற்றுப் பதவியை இழந்தார்.