உயர்த்திய வண்டியும் தழையவிட்ட வேட்டியும்: திருவனந்தபுரத்து லிஃப்ட் வண்டிகளை முன்வைத்து ஒரு பன்னோக்கு ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஜீப், பிக்கப் முதலிய வண்டிகளின் சஸ்பென்ஷனை இரண்டு இஞ்ச் உயர்த்தி, பெரிய டயர் மாட்டி ஓட்டும் வழக்கம் திருவனந்தபுரத்தில் வேர்விட்டிருக்கிறது. எத்தனை இஞ்ச் தூக்குவது, எந்த அளவு டயர் போடுவது என்று டீக்கடைதோறும் வாதம் நடக்கிறது. ஆயினும் இப்பொருள் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. அதற்கான தேவை இல்லாததே காரணம் என்று சிலர் கூறலாம். ஒரு தலைப்பில் எவரும் ஆய்வு செய்யவில்லை என்பதே அத்தலைப்பில் ஆய்வு செய்யப் போதிய காரணம் என்று நம் உயர்கல்வி உலகம் எப்போதோ முடிவு கட்டிவிட்டதை அவர்கள் அறியார்.

2. ஆய்வு எல்லையும் கருதுகோளும்

வடக்கே கழக்கூட்டம் டெக்னோபார்க், தெற்கே பாறசாலை, கிழக்கே பொன்முடி. மேற்கே கடல், அதற்கு எந்த லிஃப்ட்டும் போதாது. கால எல்லை: முதல் சம்பளம் தொடங்கி மூன்றாம் இ.எம்.ஐ. வரை.

கருதுகோள்: வண்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது பாதையின் பள்ளம் அன்று, அடுத்த வீட்டு வண்டி.

3. ஆதாரங்கள்

சான்று இல்லாமல் பேசக் கூசவேண்டிய ஊர் இது. ‘மனோன்மணீயம்’ (1891) எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இங்கிருந்துதான் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூர் அரசர்களின் காலத்தை நிறுவினார். திருஞானசம்பந்தரின் காலத்தையும் ஆராய்ந்து எழுதினார். அவரிடம் லிஃப்ட் செய்த வண்டி இல்லை, எம்மிடம் அவருடைய கவனம் இல்லை. எனவே கணக்கு நேர்.

எமது முதன்மை ஆதாரங்கள் இரண்டு: பஞ்சர் கடைக்காரரின் வாய்மொழி, டயர்க் கடையின் சுவரெழுத்து (வடக்குச் சுவர், பெயின்ட் உதிர்ந்த பகுதி, வரி 3). துணைமை ஆதாரம்: வண்டி வாங்கிய மருமகன்கள். இவர்கள் கூற்றை இஞ்சுக்கு அரை இஞ்ச் தள்ளுபடி செய்தே கொள்ள வேண்டும்.

4. லிஃப்ட்டின் வகைகள்

அ. கட்டை வைத்தல்: ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் செருகுவது. செலவு குறைவு, பெருமை அதே அளவு.

ஆ. முழு கிட்: நீண்ட ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் மாற்றுவது. சரியான முறை, ஆகவே விவாதத்துக்கு இடமில்லை, ஆகவே ஆய்வுக்கும் இடமில்லை.

இ. பட்டை சேர்த்தல்: பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டை போடுவது. வண்டி உயரும், உட்கார்ந்திருப்பவரும் ஒவ்வொரு பள்ளத்திலும் உயர்வார்.

ஈ. பாடி லிஃப்ட்: சேசிஸ் இருந்த இடத்திலேயே இருக்க, பாடியை மட்டும் தூக்குவது. அடியில் இடிப்பது முன்பு போலவே இடிக்கும், உயரத்திலிருந்து கேட்கும்.

உ. இயற்கை லிஃப்ட்: இவ்வூர்ச் சந்தையான சாலைக் கம்போளத்தில் வெங்காய மூட்டை இறக்கி முடித்த பிக்கப் தானாக எழுந்து நிற்பது. செலவில்லை. எனவே எவரும் இதைப் பின்பற்றுவதில்லை.

5. சக்கரவியல்

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிப்பது தனிக் கலை. மகிந்திரா தாரின் 2020ஆம் ஆண்டு மாடலில் வரும் 255/65 ஆர் 18 என்பதை எடுத்துக்கொள்வோம். 255 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர், ரேடியல் கட்டுமானத்தைக் குறிக்கும். 18 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். மெட்ரிக் அளவு, விழுக்காடு, இஞ்ச் ஆகிய மூன்று முறைகள் ஒரே வரியில் சண்டையின்றி வாழ்வதை எம் துறையினர் வேறெங்கும் கண்டதில்லை. குறிப்பாக எம் துறையில் கண்டதில்லை.

கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ. இளைஞர்கள் ஆசைப்படுவது 33 இஞ்ச், அதாவது சுமார் 838 மி.மீ. வித்தியாசம் 49 மி.மீ. ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அது உயர்வது இதில் பாதி மட்டுமே. 226 மி.மீ. என்று கம்பெனி சொல்லும் தரை இடைவெளி சுமார் 250 ஆகும்.

இங்கே ஓர் உண்மை, கசப்பாயினும் கூறியே ஆகவேண்டும். சஸ்பென்ஷனை எத்தனை இஞ்ச் உயர்த்தினாலும் பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அச்சு சக்கரத்தோடு போகிறது, ஸ்பிரிங் அதற்கு மேலே நிற்கிறது. கல்லில் இடிக்கும் முதல் உறுப்பு அந்த உருண்டைதான். லிஃப்ட்டால் பம்பர் மேலே போகும்; பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் கிடைக்கும். உருண்டையைத் தூக்குவது டயர் மட்டுமே. இதை ஒரு மருமகனிடம் விளக்கியபோது அவர் வெகுநேரம் அமைதி காத்து, “பார்க்க நல்லா இருக்குல்ல?” என்றார். இதற்கு மறுப்பு எழுத இயலவில்லை.

பக்கவிளைவுகள்: பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 85இல் போகிறது. 100 கி.மீ. ஓடினால் 94 என்று பதிவாகிறது. ஆகவே மைலேஜ் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததாகத் தோன்றி, வீட்டில் கூடுதலாகத் திட்டு விழும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறுவதால் அதன் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயலாம். ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்க மறந்தால் எதிரே வருபவர் கண் கூசும். ஈர்ப்பு மையம் மேலேறுவதால் வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும். பொன்முடி ஏற 22 கொண்டை ஊசி வளைவுகள். பொன்முடிக்காகவே வண்டியைத் தூக்கியவர் இந்தச் செய்தியைப் பொன்முடியில்தான் அறிகிறார். தம்பானூரிலிருந்து புறப்படும் கேரள அரசுப் பேருந்து எந்த லிஃப்ட்டுமின்றி அதே வளைவுகளில் ஏறிப்போவதும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆனால் நோக்கினால் ஆய்வு இங்கேயே முடிந்துவிடும்.

6. வேட்டியியல்

இதுவரை கூறியவை முன்னுரை. இவ்வாய்வின் மையப் பொருள், தூக்கிய வண்டியில் ஏறுவது எப்படி என்பதே.

திருவனந்தபுரத்தில் ஆண்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டி கட்டுகிறார்கள். வேட்டிக்கு இரண்டு நிலைகள் உண்டு: மடித்துக் கட்டிய நிலை, தழையவிட்ட நிலை. மடித்துக் கட்டியவனின் கால் எங்கும் எட்டும். ஆனால் பெரியவர் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்துவிடுவது இவ்வூர் மரியாதை. தழைந்த வேட்டியில் நடக்கலாம், நிற்கலாம், தலையாட்டலாம்; தொடை உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாது. இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: மரியாதையும் லிஃப்ட்டும் ஒரே வேளையில் ஒரே ஆளிடம் இருக்க இயலா.

களச் சான்று: கரமனையில் ஒரு வீட்டு வாசல். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் புறப்பாடு. மருமகன் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலை ஃபுட்போர்டுக்குத் தூக்கிய அதே நொடியில் மாமனார் வாசலுக்கு வருகிறார். கால் இறங்குகிறது. வேட்டி இறங்குகிறது.

“ஏறுங்கோ மாப்ளே.”

“இல்ல மாமா, நீங்க முதல்ல.”

“எனக்கென்ன அவசரம்? நீங்க ஏறுங்கோ.”

இருவரும் தழைந்த வேட்டியோடு திறந்த கதவின் முன் நிற்கிறார்கள். வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் செலவாகிறது. இந்நிலையைத் தீர்க்க அறிஞர்கள் நான்கு வழிகளைக் கண்டுள்ளனர்.

முதலாவது, புறங்காட்டி ஏறல். கதவுக்கு முதுகைக் காட்டி, பின்னால் எம்பி உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே சுழற்றுவது. வேட்டி தப்பும். மரியாதை தப்பாது, ஏனெனில் எம்பும்போது எழும் ஒலி எந்த மாமனாரின் காதிலிருந்தும் தப்பாது (பக்கத்து வீட்டுத் திண்ணை, நேரில் கேட்டவர் கூற்று, அவர் மனைவி உறுதி செய்தது, பின்னர் இருவரும் மறுத்தது).

இரண்டாவது, ஒருகை ஒதுக்கல். இடக்கையால் வேட்டியைச் சற்றே கூட்டிப் பிடித்து, வலக்கையால் கைப்பிடியைப் பற்றி ஏறுவது. அர்ச்சனைத் தட்டை ஏந்த மூன்றாவது கை வேண்டும் என்பதே இம்முறையின் ஒரே குறை.

மூன்றாவது, ஸ்டூல் ஏற்றம். பிக்கப்பின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நிரந்தரமாக வைத்திருந்து, தேவைப்படும்போது கதவருகே போட்டு ஏறுவது. எல்லோரும் ஏறியபின் சாலையில் நிற்கும் ஸ்டூலை எடுப்பவர் யார்? எடுத்தவர் எதன்மேல் ஏறுவார்? இதுவே புகழ்பெற்ற ‘கடைசி ஆள் சிக்கல்’. ஸ்டூலில் நைலான் கயிறு கட்டி, உட்கார்ந்தபடியே மேலே இழுத்துக்கொள்ளலாம் என்ற தீர்வு முன்வைக்கப்பட்டது. கயிற்றை அவிழ்க்க மறந்து வண்டி கிளம்பியபின் ஸ்டூல் பின்தொடர்ந்து வந்ததால் கைவிடப்பட்டது.

இவ்வாய்வுக்குப் பயன்பட்ட ஸ்டூல் பிரதிகள் இரண்டு. ‘அ’ பிரதி நீலம், முழுமையானது, இருக்கையின் அடிப்புறத்தில் விலைச்சீட்டு பாதி கிழிந்துள்ளதால் காலத்தைத் துணிய முடியவில்லை. ‘ஆ’ பிரதி சிவப்பு. ஏதோ ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வந்து திரும்பாதது. நான்காம் கால் சிதைந்துவிட்டது. பதிப்பாசிரியர் அவ்விடத்தைச் செங்கல்லால் நிரப்பி, அது மூலத்திலேயே இருந்தது என்று அடிக்குறிப்பில் சாதிக்கிறார். (இதே ஸ்டூலின் மூன்றாம் படி ஒரு சமையல்காரர் வசம் உள்ளதாகச் செவிவழிச் செய்தி. பார்வையிட அனுமதி கேட்டோம். அதன்மேல் கிரைண்டர் இருப்பதாகப் பதில் வந்தது. கிரைண்டரை இறக்கினால் தெரிவிப்பதாகச் சொன்னார்; மாவு ஆட்டி முடியவில்லை போலும்.)

நான்காவது, நூலேற்றம். பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றின் ஆய்வுக்கோவையை, ஐ.எஸ்.பி.என். எண் மேலே தெரியுமாறு, இரண்டு தொகுதிகளாக அடுக்கி அதன்மேல் கால் வைத்து ஏறுவது. உயரம் கச்சிதம். வழுக்காது. கட்டுரையாளர்கள் கட்டணம் கட்டிச் சேர்ந்திருப்பதால் அட்டை உறுதியானது. வெளியான நாள் முதல் அந்தக் கோவை எவருக்காவது மேலே செல்ல உதவியது இதுவே முதல்முறை என்று சொல்லவிருந்தோம். பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியலை ஒருவர் எடுத்துக் காட்டியதால் அக்கூற்றைத் திரும்பப் பெறுகிறோம்.

மாமியார்கள் பற்றித் தனிப் பிரிவு தேவைப்படவில்லை. நால்வகை ஏற்றங்களும் ஆராயப்பட்டுக் கொண்டிருந்தபோதே கரமனை மாமியார் ஆட்டோ பிடித்து, கோயில் இருக்கும் கிழக்கே கோட்டைக்குப் போய், தரிசனமும் முடித்துவிட்டார்.

7. சட்டவியல்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் தந்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

‘மாற்றம் ஒன்றுக்கு’ என்ற இடத்தில்தான் அறிஞர் உலகம் பிளவுபடுகிறது. சங்கரர் பிறந்த மாநிலம் ஆதலால் இது எதிர்பார்க்கக்கூடியதே. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து ஒரே மாற்றம், பன்மை வெறும் தோற்றம் என்பது அத்வைதம்: 5,000. லிஃப்ட்டும் டயரும் வேறுவேறு, ஆயினும் பிரிக்க இயலாதவை என்பது விசிஷ்டாத்வைதம்: 10,000. நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக், ஐந்து டயர், ஒவ்வொன்றும் என்றென்றும் தனி என்பது துவைதம்: 65,000. ஐந்தாவது டயரான ஸ்டெப்னி தரையையே தொடாதபோது அது மாற்றமா, மாற்றத்தின் சாத்தியம் மட்டுமா என்பதில் துவைதிகளுக்குள்ளேயே உட்பிரிவு உண்டு. சோதிக்க வரும் அதிகாரி எந்த மரபினர் என்பது ரசீது கைக்கு வந்தபின்தான் தெரியும்.

8. கண்டறிந்தவை

அ. தம்பானூரில் மழைத்தண்ணீர் தேங்குவதை லிஃப்ட்டுக்கு நியாயமாகக் காட்டுவர். 2015இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் அங்கே ஓடைகளைத் தோண்டித் தூர்வாரினார்கள். வண்டியைத் தூக்குவதைவிட ஓடையைத் தாழ்த்துவது மேல் என்று அரசு கருதியதாகக் கொள்ளலாம்.

ஆ. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆஃப்ரோடு ஜீப்புகள் உதவியது உண்மை. இம்மாவட்டக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிச் சென்று மக்களை மீட்டதும் உண்மை. அந்த லாரிகள் எவையும் தூக்கப்பட்டவை அல்ல. அந்தப் படகுகள் எவற்றுக்கும் 33 இஞ்ச் டயர் இல்லை.

இ. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த வீட்டுக்காரர் மூன்று இஞ்ச் தூக்கியிருக்கிறார்.

9. மேலாய்வுக்குரிய தலைப்புகள்

‘மட்ஃப்ளாப் வாசகங்களில் குறுக்கீட்டுக் கோட்பாடு’. ‘பஞ்சர் கடை டீயும் பின்நவீனத்துவமும்’. ‘ஸ்டெப்னியின் தனிமை: ஓர் உளப்பகுப்பாய்வு’. ‘மருமகன் வேட்டியில் கறை: பெருங்கற்காலம் முதல் இன்றுவரை’. இவற்றுள் எதை வேண்டுமானாலும் ஆய்வு மாணவர் எடுத்துக்கொள்ளலாம். 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. இக்கட்டுரையின் பத்தில் ஒரு பகுதியை நகலெடுத்துக்கொள்ள எமக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்டூல் பகுதியை மட்டும் விட்டுவிடவும். அதற்கு நெறியாளர் தம் பெயரைப் போட்டு ஏற்கெனவே அனுப்பிவிட்டார்.