சுரங்க அமைச்சகத்துக்கு ஓர் ஒலிபெருக்கி விஞ்ஞாபனம்

புது டில்லியில் வீற்றிருக்கும் மத்திய சுரங்க அமைச்சகத்தின் மேன்மை தங்கிய அதிகாரிகள் சமூகத்துக்கு, கோலார் தங்கவயல்வாசி ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஐயன்மீர்,

2001-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கதவுகள் சாத்தப்பட்டது முதலாக, சுரங்கம் மறுபடி எப்போது திறக்கும் என்று நாங்கள் கேட்பதும், விஷயம் பரிசீலனையில் இருப்பதாகத் தாங்கள் விடையளிப்பதும் இரு தரப்பாருக்கும் நித்திய கர்மமாகிவிட்டன. மந்திரிகள் மாறினாலும் செயலாளர்கள் மாறினாலும் தான் மாறாத அந்த விடையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, முத்திரை வைத்து அனுப்புவதில் தங்களுக்கு நேரும் பிரயாசையை எண்ணி மனம் நொந்திருந்த எங்களுக்கு, அண்மையில் ஓர் உபாயம் தோன்றிற்று. உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் அமைந்த மெமரி கார்டு பிளேயர் ஒன்றைச் சுரங்க வாயிலில் பொருத்திவிட்டால், தங்கள் விடை தங்கள் உதவியின்றியே ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்த யோசனையை எங்களுக்கு அருளியவர் எங்கள் ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் வியாபாரியே. தொண்டை நோகக் கூவித் திரிந்த அவர், ஒருநாள் தம் குரலைக் கார்டில் பதிந்து வண்டியில் மாட்டிவிட்டு, இப்போது வாய் திறவாமலே வியாபாரம் செய்கிறார். அவருக்கும் தங்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு: அவருடைய பதிவில் வெங்காயம் என்று சொன்னால், வண்டியில் வெங்காயம் இருக்கும்.

யந்திரத்தை அமைப்பது எளிது. உள்ளங்கையில் அடங்கும் போர்டு ஒன்று, அதற்கு 5 வோல்ட் தரும் அடாப்டர் ஒன்று, 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, இவ்வளவே செலவு. மின்சாரத்துக்குக் கவலை வேண்டாம். சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-இலேயே எங்கள் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது, பெங்களூர்த் தெருக்களோ அதற்கு 1905 வரையில் காத்திருந்தன. 32 ஜிபி கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து போட்டால், சாதாரண எம்பி3 தரத்தில் சுமார் 23 நாள் இரவு பகலாக ஒலிக்கும் அளவுக்கு அதில் இடம் இருக்கிறது. சர்க்கார் வாக்குறுதிகள் எல்லாவற்றையும் பதிந்த பிறகும் அதில் பெரும்பகுதி காலியாகவே நிற்கும் என்று அஞ்சுகிறோம். ஏனெனில் அவை எண்ணிக்கையில் பலவாயினும் பொருளில் ஒன்றே. இவ்வகை மலிவான போர்டுகள் பெரும்பாலும் கோப்பின் பெயரைப் பார்க்காமல், கார்டில் ஏறிய வரிசைப்படியே பாடுவதால், 2013-இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய ஏலத்துக்கு வழிவிட்டபோது பிறந்த நம்பிக்கையை முதலிலும், சுரங்கம் கழித்துக் கொட்டிய 13 மண்மேடுகளிலிருந்து பொன் பிரிக்கும் மத்திய சர்க்காரின் யோசனைக்கு 2024 ஜூனில் மாநில மந்திரிசபை இசைந்தபோது பிறந்த நம்பிக்கையை அடுத்தும் ஏற்றும்படி பிரார்த்திக்கிறோம்.

இனி, எச்சரிக்கைகள் சில. இந்த ஆம்ப்ளிஃபையரில் இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸ் கம்பிகளை ஒன்றாக முடிச்சிடலாகாது. முடிச்சிட்டால் போர்டு புகைந்துவிடக்கூடும். ஆகவே மத்திய சர்க்காரின் குரலை ஒரு ஸ்பீக்கரிலும் மாநில சர்க்காரின் குரலை மற்றொன்றிலும் தனித்தனியே விட உத்தேசித்திருக்கிறோம். அவை இரண்டும் ஒன்றுகூடாமல் பார்த்துக்கொள்வதில் தங்களுக்கு இருக்கும் நெடுநாள் அனுபவம் இங்கே பெரிதும் பயன்படும். சத்தத்தையும் அளவுக்கு மீறி ஏற்றலாகாது. அடாப்டர் இளைத்ததாயிருந்தால், சத்தம் உச்சத்தை எட்டும் தருணத்தில் வோல்ட் இறங்கி, போர்டு அணைந்து, மறுபடி உயிர்பெற்று, முதல் பாட்டிலிருந்து தொடங்கிவிடவும் கூடும். தேர்தல்தோறும் இந்த விபரீதத்தைக் கண்டு பழகிய எங்களுக்கு இது புதிதன்று. ஆயினும் யந்திரத்தின் ஆயுளை முன்னிட்டுச் சொல்லிவைக்கிறோம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி மௌனம் காக்க வேண்டும். இரவு ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிய சுரங்கத்தின் வாயிலில், வாக்குறுதியாவது இரவில் ஓய்வெடுக்கட்டும்.

ஓர் ஐயம் எழலாம்: எங்கள் குரலைத் தங்களுக்கு எட்டச் செய்ய இந்த யந்திரத்தைப் பயன்படுத்தலாகாதா? அதற்கு இது போதாது. காரணம் விளங்க ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1965-இல் எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கருவிகளோடு காத்திருந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். பூமியையே ஊடுருவிச் சென்றாலும் அநேகமாக எதையும் தீண்டாமல் வெளியேறிவிடுவது அதன் சுபாவம். எங்கள் மனுக்களின் சுபாவமும் அதுவே: எங்கள் மாரிகுப்பத்தில் புறப்பட்டு, பெங்களூரையும் டில்லியையும் ஊடுருவி, எந்த மேஜையோடும் எவ்வித சம்பந்தமும் கொள்ளாமல் மறுபுறம் வெளியேறிவிடுகின்றன. நியூட்ரினோவைப் பிடிக்கப் பாதாளத்தில் கருவி வைத்த தேசத்தில், மனுவைப் பிடிக்கத் தங்கள் அலுவலகத்தில் ஒரு கருவி வைக்கலாகாதா என்று கேட்பது அதிகப்பிரசங்கம் என்பதை அறிவோம்.

விடியுமுன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பின் வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகள், வாயிலில் ஒலிக்கும் தங்கள் வாசகத்தைக் கேட்கப்போவதில்லை. விதிப்படி அது வாய் திறக்கும் நேரத்தில் அவர்களில் பலர் ரயிலேறியிருப்பார்கள். வேலையற்று வீட்டிலிருக்கும் முதியவர்களோ, அதைக் கேட்காமலே ஒப்பிக்க வல்லவர்கள். ஆதலால் இறுதியாக ஒரே ஒரு திருத்தம் வேண்டுகிறோம். அனுப்பும் பதிவுகளில் ஏதேனும் ஒன்றிலாவது ஒரு தேதியைச் சொல்லுங்கள்: இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நாள் இத்தனை பேருக்கு வேலை என்று. பரிசீலனையில் இருக்கிறது என்ற வாக்கியத்தை யுகாந்தம் வரையில் ரிப்பீட்டில் ஓடவிடலாம். அது ஒருநாளும் பொய்க்காது. தேதியிட்ட வாக்கியமோ அந்த நாளோடு மெய்யாகிவிடும், அல்லது பொய்யாகிவிடும். அப்படி ஒரு பதிவு வந்து சேருமானால், போர்டிலுள்ள ரிப்பீட் பொத்தானை நாங்களே பிடுங்கி எறியச் சித்தமாயிருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் பரிசீலனையில் வாழ்ந்துவரும்
தங்கவயல்வாசி