சந்தான பாக்கியம்

விவாகமாகி வருஷம் ஒன்று கழிவதற்குள் உற்றாரும் உறவினரும் அண்டை அயலாரும் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடும் நம் தேசத்தில், அந்த விசாரணையிலிருந்து பறவைகளும் தப்ப முடிவதில்லை.

என் மகன் கேட்டது பச்சைக்கிளி. நம் ஊர்க் கிளியைக் கூண்டில் அடைப்பதோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே, கடைக்காரர்கள் லவ் பேர்ட்ஸ் என்றும் விஷயமறிந்தவர்கள் பட்ஜி என்றும் அழைக்கும் அந்நிய தேசத்துப் பிரஜையைச் சரணடைந்தோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட இப்பறவையை 1840-இல் ஜான் கூல்டு என்னும் பறவை சாஸ்திரி உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது முதல், உலகத்துக் கூண்டுகளிலெல்லாம் தங்கு தடையின்றிப் பெருகி வருவதாகப் புகழ்பெற்ற குலம் அது. எங்கள் வீட்டுக்கு வந்த ஜோடி மட்டும் பிரம்மசரிய விரதம் பூண்டிருந்தது.

துளையிட்ட மண்கலயம் ஒன்றைக் கூண்டுக்குள் கட்டித் தொங்கவிட்டோம். ஆண் பறவை அதன்மேல் அமர்ந்து உறங்கிற்று. திருஷ்டி என்றார் என் தாயார். திருக்கருகாவூர்க் கர்ப்பரட்சாம்பிகைக்கு வேண்டிக்கொள்ளும்படி பெரியம்மா சொல்லியனுப்பினார். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், இல்லாவிடில் முட்டை வயிற்றிலேயே தங்கிப் பெட்டையின் உயிருக்கே ஆபத்தாகும் என்று எவரோ பயமுறுத்த, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிற கணவாய் ஓட்டையும் வாங்கிக் கட்டினோம். அடுத்த வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தாருக்கோ இரண்டும் ஒரே பாலாக இருக்குமோ என்று அடிப்படையிலேயே சந்தேகம். அலகுக்கு மேலுள்ள மூக்குச் சதை வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெட்டைக்குப் பழுப்பாகவும் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இளஞ்சிவப்பு. முழு மஞ்சள் ஆணுக்கோ வயதான பின்பும் அந்தச் சிவப்பு மாறுவதில்லை. இவ்வளவையும் எங்கோ படித்துவிட்டு வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, நில அளவைத் தகராறு ஒன்றைத் தீர்க்கும் கம்பீரத்தோடு அவர் அளித்த தீர்ப்பு: "மூக்கு சரியாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை."

உண்மைக் காரணத்தைச் சொன்னவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பறவை விற்கும் ஒரு பெரியவர். "ஒத்த ஜோடியா வெச்சா அதுங்களுக்குப் பிடிக்காது சார். நாலு பக்கமும் சத்தம் கேக்கணும். இன்னும் மூணு ஜோடி போடுங்க." வியாபார தந்திரமென்று நினைக்க இடமிருந்தாலும், சாஸ்திரம் அவர் கட்சியில் இருந்தது. மழை பெய்து புல் விதை விட்டதும் பெருங்கூட்டமாய் வந்திறங்கி, அடுத்தடுத்த யூகலிப்டஸ் மரப் பொந்துகளில் ஏககாலத்தில் குடித்தனம் தொடங்குகிற ஜாதி இது. ஆண்களின் ஓயாத கீச்சொலி காதில் விழுந்தால்தான் பெட்டையின் தேகத்தில் முட்டைக்கான ஆயத்தமே நடக்கிறதாம். சுருங்கச் சொன்னால், தனிக்குடித்தனம் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இதைக் கேட்டு என் தாயார் அடைந்த ஆனந்தத்தை வருணிக்க எனக்கு வல்லமை போதாது. வந்தவர் போனவர் அனைவருக்கும், குறிப்பாக மருமகள் காபி கொண்டுவரும் தருணம் பார்த்து, ஐந்தறிவுள்ள பட்சிக்குக்கூடக் கூட்டுக் குடும்பத்தின் அருமை தெரிந்திருப்பதை எடுத்துரைத்தார்கள். என் மனைவி மௌனமாகத் தினையை உமி ஊதிக்கொண்டிருந்தாள்.

மூன்று ஜோடிகள் வந்து சேர்ந்தன. ஜோடிகளைவிடக் கலயங்கள் அதிகமாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும் என்ற பெரியவரின் விதிகளை அட்சரம் பிசகாமல் அனுசரித்தும், காலிக் கலயங்களை ஏறெடுத்தும் பாராமல், இடது கோடியில் தொங்கியதற்காகவே பெட்டைகள் இரண்டு கால்விரலில் ரத்தம் வரும்வரை சண்டையிட்டன. மனைவி வாசல்பக்கம் சென்று மிகுந்த பணிவோடு, "அத்தை, கூட்டுக் குடும்பத்தைக் கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றாள். "அது ஆஸ்திரேலியாக் குடும்பம்" என்று பதில் வந்தது.

ஒருவாறு சமாதானமாகி, ஒருநாள் விட்டு ஒருநாளாக முட்டைகள் விழுந்தன. அடைகாப்பது பெட்டை மட்டுமே. ஆண் கலயத்து வாசலில் நின்று, தான் விழுங்கிய தினையைக் கக்கி அவளுக்கு ஊட்டுவான். (இதைத் தாயார் சுட்டிக்காட்டியபோது நான் செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.) ஒரு வாரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிவந்த நரம்புகள் தெரிய வேண்டும். ஒன்றிலும் தெரியவில்லை; அத்தனையும் கூமுட்டை. குற்றவாளி, அவை உட்காரும் குச்சி. அது ஆடினால் தாம்பத்தியம் கைகூடாதாம். குச்சிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம். அடுத்த ஈட்டில், பதினெட்டு நாள் அடைக்குப் பின், ஒருநாள் விட்டு ஒருநாளாகவே குஞ்சுகள் வெளிவந்தன. மூத்ததற்கு இறகு முளைக்கத் தொடங்கும்போது கடைக்குட்டி வெறும் சதைத் துணுக்காகக் கிடந்தது.

இப்பொழுது நிலைமை தலைகீழ். முன்பு உபதேசம் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி தானம் செய்தாயிற்று. தாசில்தார் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். "இன்னுமா நிறுத்தவில்லை?" என்று பெரியம்மா கண்டித்து எழுதியிருக்கிறார். இரண்டு ஈடுகளுக்குமேல் விட்டால் பெட்டை இளைத்துப்போகும் என்பதால் கலயங்களையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். மறுநாளே பச்சைப் பெட்டை தினைக் கிண்ணத்தில் ஒரு முட்டையிட்டது. தாயார் தினையை வேறொரு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, பழைய கிண்ணத்தை எவரும் தொடக்கூடாதென்று உத்தரவிட்டிருக்கிறார்கள்.