மெத்துப் பிரேக்குக்கு ஒரு மெச்சுரை

பனவடலிசத்திரத்தில் பொறுமைக்கு ஒரு பரிசு வைத்தால் அதை எங்கள் அண்ணாச்சி வாங்கிய பழைய மாருதி 800-க்குத்தான் கொடுக்க வேண்டும். கால் வைத்த மாத்திரத்தில் நின்றுவிடும் அவசரபுத்தி அந்த வண்டிக்குக் கிடையாது. முதல் மிதியில் பெடல் மெத்தென்று உள்ளே போகும். இரண்டாம் மிதியில் கொஞ்சம் மனம் இளகும். மூன்றாம் மிதியில்தான் சரி, நிற்கலாம் என்று சம்மதம் தரும். சங்கரன்கோவில் – திருநெல்வேலி சாலையில் ஆட்டுமந்தை குறுக்கே வரும்போது இத்தனை நிதானம் காட்ட எந்தப் புதுக் காரால் முடியும்?

விற்றவரும் லேசுப்பட்டவர் இல்லை. “பிரேக் ஸ்மூத்தா இருக்கும் அண்ணாச்சி, மிதிக்கிறதே தெரியாது” என்றார். ஒரு சொல் பொய்யில்லை. மிதித்தது அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, வண்டிக்கும் தெரியவில்லை. பழைய வண்டி விற்பவர்களில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு.

வாங்கும்போது அண்ணாச்சி எதையும் விடாமல் பார்த்தார். ஹாரன் அடித்தார், சீட் கவரைத் தடவினார், பாட்டுப் பெட்டியில் இரண்டு பாட்டுக் கேட்டார், பம்பரில் நகக்கண் அளவு இருந்த கீறலைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைத்தார். பெடலை மட்டும் சோதிக்கவில்லை. அதற்கு வண்டியை ஓட்டக்கூட வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை அழுத்தி, அரை நிமிடம் காலை எடுக்காமல் இருந்தால் அது தன் கதையைச் சொல்லிவிடும். பிடித்த பிடியில் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லையென்றால், பெடலை மிதிக்கையில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து ஆயிலைப் பின்னால் விடுகிறது. அடுத்தடுத்து மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே ஏறி இறுகினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பின்சக்கரத்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. விற்பவர் எதிரில் நிற்கும்போது இதையெல்லாம் செய்வது மரியாதைக் குறைவு என்று அண்ணாச்சி விட்டுவிட்டார். பெருந்தன்மை என்றால் அது.

கால் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தத்தை அடைபட்ட திரவம் நாலு சக்கரத்துக்கும் அப்படியே கடத்தும் என்று பாஸ்கல் சொல்லி முந்நூறு வருடத்துக்கு மேலாகிறது. 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் கால் கொடுக்கும் அழுத்தம் முதலில் அந்தக் குமிழை நசுக்கப் போகும், மிச்சம்தான் சக்கரத்துக்கு. அண்ணாச்சி இதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பம்ப் அடிச்சா நிக்கும்” என்பது அவர் கண்டுபிடித்த திருத்தம். அந்தப் பம்புக்கு அவர் கேட்பது ஒரே ஒரு விநாடி. எண்பதில் போகிற வண்டி அந்த ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். பஜாரில் அந்த 22 மீட்டருக்குள் ஒரு டீக்கடை பெஞ்சும், பள்ளிக்கூடம் விட்டு வரும் நாலு சைக்கிளும் இருக்கும். அண்ணாச்சியின் வண்டி வந்தபிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்திருக்கும் சுறுசுறுப்பை எந்த உடற்பயிற்சி ஆசிரியராலும் கொடுத்திருக்க முடியாது.

வண்டியின் பானட்டைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். பிரேக் ஆயில் அதில்தான். புதிதாக ஊற்றும்போது இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும். அண்ணாச்சியுடையது கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பழையதை மதிக்கத் தெரியாதவர்கள் சொல்வது அது. இந்த ஆயிலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்று டின்னில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக ஈரம் ஏறிவிட்டாலே அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும்.

இதன் அருமை தெரிந்தது கார்த்திகை மாதம் சபரிமலைக்குப் போய்த் திரும்பும்போது. ஆரியங்காவு தாண்டிப் புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில், பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நாட்டுப்பற்றால் அண்ணாச்சி வண்டியை நியூட்ரலில் விட்டிருந்தார். இன்ஜின் பிடிக்க வேண்டிய வேகத்தையும் பிரேக்கே பிடித்தது. பேடு சூடேறி, ஆயில் கொதித்து, ஆவியாகி, பெடல் தரையைத் தொட்டது. எத்தனை பம்ப் அடித்தும் வரவில்லை. வண்டியில் இருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் சரணம் சொன்னார்கள். மலைக்கு ஏறும்போது அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். பக்தியை இவ்வளவு விரைவாக எழுப்பும் கருவியை வேறெங்கும் பார்க்க முடியாது. ஹேண்ட் பிரேக் ஆயிலை நம்பியதல்ல, வெறும் கம்பி. அதை இழுத்து, இரண்டாம் கியரைத் திணித்து, ஒருவழியாக ஓரம் கட்டினார்கள். கொஞ்ச நேரம் ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிட்டது, பெடலும் மேலே வந்தது. சாமியே சரிபண்ணிவிட்டார் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். ஊருக்கு வந்து வண்டிக்குப் புது சீட் கவர் போட்டார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 190-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தெரிந்த குறையோடு வண்டி ஓட்டுவதும், சாதாரணக் கவனம் இருந்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையோடு ஓட்டுவதும் குற்றம் என்கிறது. அண்ணாச்சிக்கு அது பொருந்தாது. அவருடைய கவனம் சாதாரணமானதல்ல. பின்டயரின் உள்பக்கம் தினமும் காலையில் ஈரமாக இருப்பதைக் கவனித்தவரே அவர்தான். கவனித்து, அது தெருநாயின் வேலை என்று விசாரணையையும் முடித்துவிட்டார்.

டப்பாவில் ஆயில் குறையும்போதெல்லாம் ஊற்றி நிரப்பினார். அதில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் தாராளம் மட்டும் அவருக்கு வரவில்லை. அந்தப் புண்ணியவான் வீட்டில் மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலையே ஊற்றினார். உள்ளே இருந்த ரப்பர்கள் அத்தனையும் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. உதிரிபாகக் கடைகளை வாழவைப்பவர்கள் இவர்கள்தான். சென்னை பாடியில் பிரேக் சாமான்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962-லிருந்து இயங்குகிறது. அந்தத் தொழிலாளர்களுக்கு அண்ணாச்சி ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் மெயின் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் ஷெட் போட்டிருக்கும் பையன். தொழிலில் துளி நளினம் இல்லாதவன். “ஏர் எடுத்து விடுலே, போதும்” என்று அண்ணாச்சி சொன்னதற்கு, “காத்து எது வழியா உள்ள போச்சுன்னு பாக்காம எடுத்து என்ன அண்ணாச்சி செய்ய?” என்று எதிர்க்கேள்வி கேட்டான். பெரியவர்களிடம் பேசும் முறையா இது? பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கிக் காட்டினான். உள்ளிருந்து ஆயில் வடிந்தது. ஷூ முழுக்க ஊறிக் கிடந்தது. தெருநாய் நிரபராதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு பக்கமும் வீல் சிலிண்டரையும் ஷூவையும் மாற்றி, இடைவெளியைச் சரிசெய்தான். ஒரு ஆளை மிதிக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸை விரல்களுக்கிடையே பிடித்து, புடைக்கிறதா என்று பார்த்தான். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றினான். பாதி திறந்து வைத்திருந்த டின் ஒன்றை அண்ணாச்சி சிக்கனமாகக் கொண்டுவந்திருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு, சீல் உடைக்காத டின்னைத்தான் பிரித்தான். விரயம்.

பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கவே எரிச்சலாக இருந்தது. மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் அதற்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கினான். நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினான். “மிதிங்க, மிதிங்க, மிதிச்சுப் பிடிங்க.” ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்பினான். குழாயில் சின்னச் சின்னக் குமிழாக ஓடி வந்தது. நிப்பிளை இறுக்கிய பிறகுதான், “இப்ப விடுங்க.” அதற்கு முன் காலை எடுத்தால் வெளிக்காற்றை அதுவே உறிஞ்சிக்கொள்ளுமாம். நடுநடுவே ஓடிப்போய் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றினான். குமிழ் நின்று தெளிந்த ஆயில் வந்தபிறகு வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம். ஒரு மத்தியானம் முழுக்க இதிலேயே போனது. ஏபிஎஸ் வைத்த புது வண்டிகள் சிலவற்றில் காற்று முழுக்க வர ஸ்கேனர் மாட்ட வேண்டியிருக்குமாம். அந்த வேலையென்றால் இன்னும் எத்தனை சாவகாசமாகச் செய்வானோ.

கடைசியில் அண்ணாச்சியை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னான். பெடல் பாதி தூரம்கூடப் போகவில்லை, கல்லென்று நின்றது. அரை நிமிடம் பிடித்திருந்தும் இறங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் தப்பித்தது. சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. “தொட்ட உடனே நிக்கி, முன்னாடி போய் முட்டப் பாத்தேன்” என்றார்.

பில்லைப் பார்த்ததும் குரலே மாறிவிட்டது. சாமான்களுக்கான தொகையை ஒப்புக்கொண்டார். கூலி என்று எழுதியிருந்த வரியில்தான் விரலை வைத்தார். “பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கிறதுக்கே காசு வாங்க மாட்டான். நீ என்னலே, காத்தைப் புடுங்குனதுக்குக் காசு கேக்க?”