அலாஸ்காவை விற்றது யார்?

கே: அலாஸ்காவை ரஷ்யா அமெரிக்காவுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டதாமே?

ப: ஆமாம். 1867-இல் 72 லட்சம் டாலர். ஏக்கருக்குச் சுமார் இரண்டு சென்ட்! பேரத்தை முடித்த அமெரிக்க அமைச்சர் சீவார்டைப் பலர் கேலி செய்தார்கள். பிறகு தங்கம் கிடைத்தது. 1968-இல் புரூடோ விரிகுடாவில் எண்ணெயும் கிடைத்தது. ஆனால் ஆள் குடியிருக்கும்போதே அவரைக் கேட்காமல் வீட்டைக் கைமாற்றிய கதைதான் இது. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான டிலிங்கிட், இனுபியாக், யூபிக், அலூட் மக்களிடம் யார் கேட்டார்கள்? 1971-இல்தான் 4.4 கோடி ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கும் முன்பே, கடைவாசல்களில் தொங்கிய 'பூர்வகுடிகளுக்கு அனுமதியில்லை' பலகைகளை எதிர்த்து, டிலிங்கிட் பெண் எலிசபெத் பெரட்ரோவிச் அலாஸ்கா சட்டமன்றத்தில் வாதாடினார். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1945-இலேயே நிறைவேறியது. நாடு முழுமைக்குமான குடிமை உரிமைச் சட்டம் வர 1964 ஆனது!