சிலிண்டருக்கும் வியர்க்கும்

காலையில் 30 இருந்த டயர் காற்று, மத்தியானம் சவாரி முடித்துப் பார்த்தால் 33 காட்டுகிறது. வெடித்துவிடுமோ என்று கொஞ்சம் இறக்கிவிடுகிறேன். சரிதானே ஐயா?
– ஆட்டோ ஓட்டுநர், மேனாம்பேடு

இறக்காதீர்கள் தம்பி. டயருக்குள் புதிதாக யாரும் நுழையவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள்தான் சூட்டில் வேகமாக ஓடி ரப்பரை முட்டுகிறார்கள். காலையில் 27 டிகிரியில் இருந்த காற்று, தார் ரோட்டில் உருண்டு 50 டிகிரிக்கு வந்தால் 30 பி.எஸ்.ஐ. 33-ஐத் தாண்டும். சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனதே, அழுத்தம் ஏன் ஆகவில்லை என்பீர்கள். வாயுக்களின் கணக்கு மைனஸ் 273-இல் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் 27 என்பது 300; 50 என்பது 323. அவ்வளவுதான் ஏற்றம். மத்தியானம் 30-க்கு இறக்கினால் மறுநாள் விடிகாலை 27-தான் நிற்கும். தொய்ந்த டயர் ஓட ஓட இன்னும் சூடாகும். வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். கம்பெனி சொல்லும் எண் அந்த நேரத்துக்கானது.

சாயந்திரக் கூட்டம் சேரும்போது கேஸ் சிலிண்டர் ஜில்லென்று ஆகி வியர்க்கிறது, தீயும் இறங்கிவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் சுடுதண்ணீர் டப்பில் நிறுத்துகிறார். நானும் செய்யலாமா?
– டிபன் கடை நடத்தும் பெண்மணி, அம்பத்தூர் ஓ.டி.

வேண்டவே வேண்டாம் அம்மா. கடைகளுக்கு வரும் 19 கிலோ சிலிண்டரில் பெரும்பகுதி திரவம்தான். புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் கலந்து அழுத்தத்தில் திரவமாக நிற்கின்றன. நீங்கள் அடுப்பைத் திறந்ததும் உள்ளே அது கொதித்து ஆவியாகிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே, அதற்குத் தனி அடுப்பு கிடையாது. ஆகவே தன்னிடமும் இரும்புச் சுவரிடமும் சுற்றியுள்ள காற்றிடமும் இருந்து உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் முழு வேகத்தில் எரித்தால், உறிஞ்சும் வேகத்துக்கு வெளிச்சூடு வந்து சேராது. சுவர் குளிரும், காற்றின் ஈரம் அதில் படியும், உள்ளழுத்தம் குறையும், தோசை வெளுக்கும்.

இன்னொன்றும் உண்டு. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனுக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். எனவே முதலில் புரொப்பேன் அதிகமாகக் கிளம்பிவிடும், அடியில் சோம்பேறி பியூட்டேன் மிஞ்சும். மார்கழி விடியலில் கடைசி இரண்டு கிலோ அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

வெந்நீர் ஏன் கூடாது? சூடானால் ஆவியின் அழுத்தம் ஏறும், திரவமும் விரியும். அந்த விரிவுக்காகத்தான் சிலிண்டரை வாய்வரை நிரப்பாமல் இடம் விட்டு அனுப்புகிறார்கள். எந்த அளவுக்குச் சூடேறுகிறது என்று அந்த டப்பில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் திரவம் வெளியேறினால் சுமார் 250 லிட்டர் வாயு. அது காற்றைவிடக் கனம். தரையோடு பரவி அடுத்த கடை அடுப்பைத் தேடிப் போகும். சிலிண்டரைப் படுக்க வைக்கும் பழக்கமும் இதே ஆபத்துதான்: ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். ஏஜென்சி ஆளைக் கூப்பிட்டு இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள். பாரம் பாதியாகும், தீ நிற்கும். மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஈரத்துணியால் வெளியே ஒருமுறை துடையுங்கள். திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும்.

ஒவ்வொரு கோடையிலும் ஏ.சி.யில் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்கிறார்களே?
– கருக்கு வாசகர்

பெட்ரோல் மாதிரித் தீர அது எரிவதில்லை ஐயா. மூடிய செம்புக்குழாய்க்குள் ஒரே வாயு சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அதை நெருக்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு அது திரவமாகிறது. பிறகு அழுத்தம் குறைந்து உங்கள் படுக்கையறைக் குழாயில் கொதிக்கிறது, அறையின் சூட்டைக் குடித்தபடி. ஆம், உங்கள் தலைமாட்டில் ராத்திரி முழுக்க ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதால்தான் போர்வை தேவைப்படுகிறது! வாயு குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை வைத்து அதைக் காட்டச் சொல்லுங்கள். அடைக்காமல் ஏற்றினால் அடுத்த சித்திரையிலும் அதே பில்தான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் சென்னைக்கு ஐஸ் கிடைத்ததா?
– அம்பத்தூர் பள்ளி மாணவி

கிடைத்தது, அமெரிக்காவிலிருந்து! ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, நியூ இங்கிலாந்து ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலில் அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 180 டன்னில் சுமார் 100 டன் நான்கு மாதக் கடல் வெயிலைத் தாண்டி வந்து சேர்ந்தது. நமக்கு 1842-இல் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். எப்படித் தாங்கியது? ஒரு கிராம் பனி உருக மட்டும் 80 கலோரி வேண்டும். அதே சூட்டில் ஒரு கிராம் பூஜ்ஜிய டிகிரித் தண்ணீரை 80 டிகிரிக்கே கொண்டுபோய்விடலாம் மகளே. மரத்தூள் சூட்டைத் தாமதப்படுத்தியது. மீதியைப் பனி தானே பார்த்துக்கொண்டது. இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றதும் அந்த வியாபாரம் கரைந்தது.

திருவிழாவில் பேரன் "ஸ்மோக் பிஸ்கட்" கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– தாத்தா, ஆவடி

தராதீர்கள். அது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். வாயில் புகையாகத் தெரிவது காற்றின் ஈரம் குளிர்ந்து நிற்பது, அதில் கெடுதல் இல்லை. ஆனால் பிஸ்கட்டின் அடியில் ஒரு துளி திரவம் தங்கியிருந்தால் தொண்டை வெந்தது போல் புண்ணாகும். விழுங்கிவிட்டாலோ வயிற்றுக்குள் சுமார் 700 மடங்கு விரியும்; போக வழி கிடையாது. 2024 ஏப்ரலில் தாவணகெரேயில் ஒரு சிறுவன் இதைச் சாப்பிட்டு வலியில் துடித்த காணொளி பரவிய பிறகு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது. பேரனுக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கித் தாருங்கள்.

என் பூரி மட்டும் ஏன் உப்புவதில்லை?
– பெயர் வேண்டாம், மேனாம்பேடு

எண்ணெய் காயவில்லை. மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு பெருகும். நன்கு காய்ந்த எண்ணெயில் மேல்தோல் சட்டென்று இறுகி அந்த ஆவியைச் சிறைப்பிடிக்கும்; ஆறின எண்ணெயில் தோல் இறுகுவதற்குள் ஆவி தப்பிவிடும். தேய்த்த பூரியை ஃபேனுக்குக் கீழே காயப்போடாதீர்கள், ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முயன்று எழுதுங்கள்.