பக்கம் படமாகும்போது: கேள்வி-பதில்

இன்டிசைனில் அழைப்பிதழ் தயார். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக்கா, பிஎன்ஜியா? (டிடிபி பணியாளர், ஈரோடு)

எழுத்து மிகுந்தால் பிஎன்ஜி, புகைப்படம் மிகுந்தால் ஜேபெக். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகத்தில் அது தெரியாது. வெள்ளைப் பின்னணியில் இருக்கும் ‘ணை’யின் சுழிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரமெல்லாம் அழுக்குப் படிந்திருக்கும். பிஎன்ஜி ஒரு புள்ளியையும் இழக்காது, ஆனால் ஃபைல் கனக்கும்.

எக்ஸ்போர்ட் எதற்கு? ஸ்கிரீன்ஷாட் போதாதா? (கல்லூரி மாணவி, திருச்சி)

போதாது. ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் திரையிலுள்ள புள்ளிகள் மட்டுமே விழும். ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 72 புள்ளியில் எடுத்தால் 595 × 842 தான் கிடைக்கும். 150 என்றால் 1240 × 1754, மொபைலில் படிக்கத் தாராளம். 300 என்றால் 2480 × 3508, அச்சிடவும் ஆகும். எக்ஸ்போர்ட் பெட்டியில் ரெசல்யூஷனைப் பார்க்காமல் ஓகே தட்டாதீர்கள்.

அச்சில் அழகாக வந்த நிறம் மொபைலில் தாறுமாறாகத் தெரிகிறதே? (அச்சகத்தார், சிவகாசி)

அச்சுக்கு நான்கு மை, திரைக்கு மூன்று ஒளி. சிஎம்ஒய்கே நிறத்திலேயே ஜேபெக் எடுத்திருப்பீர்கள். அதைச் சரியாகக் காட்டத் தெரியாத செயலிகள் உண்டு. எக்ஸ்போர்ட் செய்யும்போது கலர் ஸ்பேஸில் ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். அச்சுக்குப் போகும் ஃபைல் மட்டும் சிஎம்ஒய்கேயிலேயே இருக்கட்டும்.

யூனிகோடில் அடித்தால் கொம்பு இடம் மாறி விழுகிறது. படத்திலும் அப்படியே வருகிறது. (ஆசிரியர், தஞ்சாவூர்)

வராமல் என்ன செய்யும்? பக்கத்தில் உள்ளதுதானே படத்திலும் வரும். பேராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், எழுத்துக்குப் பின்னால் போன கொம்பு முன்னால் வந்துவிடும். பிறகு ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள். படமான பிறகு ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்த முடியாது.

பேஜ்மேக்கரில் செய்த பழைய சிற்றிதழ்கள் இருக்கின்றன. படமாக்கி எல்லோருக்கும் தர வழி உண்டா? (இதழாளர், நெல்லை)

உண்டு, உடனே செய்யுங்கள். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த மென்பொருள் அது. பின்னாளில் அடோபி கைக்குப் போய், 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றது. இன்டிசைனிலும் சிஎஸ்6 வரைதான் அந்த ஃபைல்கள் திறக்கும். பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினி இருந்தால், முதலில் எழுத்துருக்களோடு சேர்த்துப் பிடிஎஃப் ஆக்குங்கள், அதிலிருந்து படம் எடுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு தொலைந்தால் கவிதை இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். உரையைத் தனியே எடுத்து யூனிகோடுக்கும் மாற்றி வையுங்கள். அப்போதுதான் தேடினால் கிடைக்கும்.

தெளிவாக எடுத்த படமும் வாட்ஸ்அப்பில் மங்குகிறதே? (வாசகர், கோவை)

புகைப்படமாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

ஜேபெக் கையில் இருக்கிறது. மூல ஃபைலை அழித்துவிடலாமா? (டிடிபி மையம், மதுரை)

கூடவே கூடாது! முகூர்த்த நேரம் மாறினால் ஜேபெக்கில் எதைத் திருத்துவீர்கள்? படம் நெல்லை அவித்தெடுத்த மாதிரி, மறுபடி முளைக்காது. இன்டிசைனில் ‘பேக்கேஜ்’ கொடுத்தால் இணைத்த படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துத் தரும். சேராமல் விட்ட எழுத்துரு இருந்தால் அதைக் கையோடு நகலெடுத்து வையுங்கள்.

எனக்குப் பார்வை இல்லை. எல்லா அழைப்பும் படமாகவே வருகிறது. நான் எப்படிப் படிப்பது? (வாசகர், சென்னை)

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அனுப்புகிறவர்கள்தான். திரைவாசிப்பான் எழுத்தைத்தான் நம்பிக்கையாகப் படிக்கும். படத்துக்குள் கிடக்கும் எழுத்தை ஊகித்துச் சொன்னாலும், அலங்கார எழுத்துருவில் தடுமாறும். ஆகவே, அழைப்பு அனுப்பும் எல்லோரும் படத்தின் கீழே நாள், நேரம், இடம், தொடர்பு எண் நான்கையும் எழுத்தாக அடித்து அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலைதான், இவரும் உங்கள் விருந்தினர்.